வலப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரத்தில் அரைக்கும் ஓசை: டிரைவ் ஷாஃப்டை மாற்றத்தான் வேண்டுமா?

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய கார் 8 ஆண்டுகள் ஓடிய ஜப்பானியத் தயாரிப்பு, 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின், தானியங்கி கியர், முன்சக்கர இயக்கம். இதுவரை 132,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முடிய இன்னும் 2 ஆண்டுகள் இருக்கின்றன; அதுவரை இந்த வண்டியையே நல்ல முறையில் ஓட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

கடந்த மூன்று வாரங்களாக ஓர் ஓசை என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் ஐந்தாம் தளத்திலிருந்து இறங்கும்போது ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்தால், இடப்பக்க முன்சக்கரத்தின் அருகிலிருந்து இரும்போடு இரும்பு உரசுவதுபோல் 'கர்ரக், கர்ரக்' என்று விட்டுவிட்டுக் கேட்கிறது. சரிவுப்பாதையின் சுவர்கள் அதை எதிரொலிப்பதால், தளத்தில் நடந்து செல்பவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். விரைவுச்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அந்த உரசல் இல்லை. ஆனால் ஆட்டுக்கல் சுற்றுவதைப் போன்ற ஓர் உறுமல் தரையிலிருந்து எழுகிறது. வளைவுகளில் அது கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது.

வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்தவர் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியை லிஃப்டில் ஏற்றாமலேயே, என்ஜினின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டுகள் இரண்டு பக்கமும் போய்விட்டன, மாற்ற 1,150 வெள்ளி ஆகும் என்றார். கடந்த ஆண்டுதான் கட்டாயப் பரிசோதனையில் வண்டி எந்தக் குறையும் இல்லாமல் தேறியது. பணம் ஒருபுறம் இருக்கட்டும், மாற்றிய பிறகும் ஓசை போகவில்லையென்றால் என்ன செய்வது என்பதே என் கவலை. இந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை நானே ஓரளவு கண்டறிய முடியுமா? இந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவது பாதுகாப்பானதா?

தெம்பனிஸ்காரர் எழுதியது:

வணக்கம் அண்ணா. எனக்கும் இரண்டாண்டுகளுக்கு முன் இதே போன்ற சிக்கல் வந்தது. அது டிரைவ் ஷாஃப்டின் முனையில் வளைந்து சுழலும் இணைப்பான சிவி ஜாயிண்ட்தான். ஆனால் என் வண்டியில் கேட்டது அரைக்கும் ஓசை அன்று. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 'டக் டக் டக் டக்' என்று வேகமாகத் தட்டும். காலை எடுத்தால் அடங்கிவிடும். சக்கரத்தின் உட்புறம் எட்டிப் பார்த்தபோது அந்த இணைப்பை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளிருந்த கிரீஸ் விளிம்பெங்கும் கறுப்பாகத் தெறித்து அப்பியிருந்தது.

ஆகவே செலவில்லாத ஒரு வேலையை முதலில் செய்து பாருங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தில் சக்கரத்தின் பின்புறம் பாருங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் பூட் முழுமையாகவும் உலர்ந்தும் இருந்தால், டிரைவ் ஷாஃப்டின் மேல் பழி போடுவதற்கு முன் இன்னொருமுறை யோசிக்க வேண்டும்.

பழைய மெக்கானிக் எழுதியது:

தம்பி, நான் சின் மிங் வட்டாரத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் காரின் அடிப்பாக வேலைகளைச் செய்து வருபவன். நீங்கள் எழுதியதை இரண்டுமுறை படித்தேன். நீங்கள் ஓர் ஓசை என்கிறீர்கள். எனக்கு அதில் இரண்டு ஓசைகள் கேட்கின்றன. கார்ப்பேட்டையில் ஊர்ந்து செல்லும்போது விட்டுவிட்டு வரும் உரசல் ஒன்று; விரைவுச்சாலையில் தொடர்ச்சியாக எழும் உறுமல் மற்றொன்று. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றால், கேட்பவரும் ஒரே காரணத்தைத்தான் தேடுவார். முதலில் இவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

உறுமலிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் ஆபத்து அதில்தான் இருக்கிறது. கார் வலப்பக்கம் திரும்பும்போது அதன் எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். இடப்பக்கம் திரும்பும்போது வலச்சக்கரங்கள் சுமையை ஏற்கும். சக்கரம் சுழலத் தாங்கும் குண்டு வளையமான வீல் பேரிங் தேய்ந்திருந்தால், சுமை ஏறும்போது உரக்கக் கத்தும், சுமை இறங்கினால் அடங்கும். நம் ஊரில் விரைவுச்சாலையை விட்டு வெளியேறும் சுற்றுப்பாதைகள் பல நீண்ட நேரம் ஒரே பக்கமாக வளைந்து செல்வதால், இந்தச் சோதனைக்கு அவற்றைவிட நல்ல இடம் கிடைக்காது. இடப்பக்கமாக வளையும் பாதையில் உறுமல் குறைந்து, வலப்பக்கமாக வளையும் பாதையில் கூடினால், சந்தேகம் இடப்பக்கச் சக்கரத்தின் மேல் விழும். வேக வரம்புக்குள்ளேயே சென்று கவனித்தால் போதும். இதற்காக வளைவில் விரட்ட வேண்டாம்.

ஆனால் இதை முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இக்கால பேரிங்குகளில் பெரும்பாலும் இரண்டு வரிசைக் குண்டுகள் இருக்கும். எந்த வரிசை பழுதாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து, சில வண்டிகளில் பழுதான பக்கமாகவே திரும்பும்போதும் ஓசை கூடுவதுண்டு. அத்துடன் ஓசை வண்டியின் உடல் வழியாகப் பரவுவதால், இடப்பக்கக் குறை வலப்பக்கத்தில் கேட்பதாகத் தோன்றும். காதை நம்பி பேரிங்கை மாற்றிவிட்டு, மறுநாள் அடுத்த பக்கத்தையும் மாற்றிக் கொடுத்த அனுபவம் எனக்கே உண்டு. அந்த வாடிக்கையாளரிடம் இரண்டாவது வேலைக்குக் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அன்றுமுதல் கையால் தொட்டு உறுதி செய்யாமல் எதையும் கழற்றுவதில்லை.

அந்தத் தொடு சோதனை எளியது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையை சஸ்பென்ஷனின் சுருள்வில்லின்மேல் மெல்லப் பதித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நல்ல பேரிங்காக இருந்தால் சுருளில் எதுவும் தெரியாது. பழுதடைந்ததாக இருந்தால், உள்ளே மணல் கிடந்து அரைபடுவதுபோன்ற நுண்ணிய அதிர்வு விரல்நுனியில் ஏறும். காதுக்கு எட்டாத கோளாறுகூடச் சுருள் வழியாகக் கைக்கு எட்டிவிடும். அடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் அழுத்தியதும் ஆட்டம் மறைந்தால் குறை பேரிங்கில்; மறையாமல் தொடர்ந்தால், சக்கரப் பகுதியை சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்டில் இருக்க வாய்ப்பு அதிகம். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்வு தெரிந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைப் பார்க்க வேண்டும்.

கார்ப்பேட்டையில் ஜாக் வைத்து இதைச் செய்ய முயலாதீர்கள். அதற்குரிய இடம் அதுவன்று. வெறும் ஜாக்கை நம்பிச் சக்கரத்தின் அருகே கை வைப்பது உயிருக்கு ஆபத்தானது. எந்தப் பட்டறையிலும் லிஃப்டில் ஏற்றிப் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இது.

இனி அந்த உரசல். அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. நண்பகலில் உங்கள் கார்ப்பேட்டையின் திறந்த மேல்தளம் வெயிலுக்குப் பயந்து காலியாகத்தான் கிடக்கும். முன்சக்கர டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்து ஊர்ந்து ஓட்டுங்கள். வீட்டில் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று கோட்டைப் பார்க்கட்டும். கோடு ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் ஓசை எழுந்தால், சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை எதையோ தொடுகிறது என்று பொருள். பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகட்டுக் கவசம் ஒன்று இருக்கிறது. அதற்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். தகடு சற்று வளைந்தாலும், இடையில் ஒரு சிறு கல் சிக்கினாலும் இப்படித்தான் கத்தும். ஒரு சுற்றுக்குப் பலமுறை தட்டினால், முன்னவர் சொன்ன சிவி ஜாயிண்டை நினைக்கலாம். வண்டி நகராமல் நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஓசை வருகிறதா என்றும் பாருங்கள். அப்படி வந்தால், அதிர்ச்சியைத் தாங்கும் அப்சார்பர் மேலே காரின் உடலோடு சேரும் மவுண்டைச் சோதிக்க வேண்டும்.

ஒரு கேள்வியும் உண்டு. அண்மையில் அந்தச் சக்கரம் எங்காவது சாலையோரக் கல்விளிம்பில் மோதியதா?

கட்டாயப் பரிசோதனை பற்றியும் குறிப்பிட்டீர்கள். மூன்றாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் பரிசோதனை, அன்றைய நாளில் வண்டி பாதுகாப்பாக இருந்தது என்பதற்கே சான்று. அதன்பின் ஓராண்டு ஓடிய பேரிங்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

உட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

ஐயா சொன்னவற்றுடன் டயரைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் அதைக் கவனிக்காததால் எனக்கு வீண் செலவு ஏற்பட்டது. என் காரிலும் இதே போன்ற உறுமல் கேட்டது. பேரிங் என்று முடிவுசெய்து மாற்றினார்கள். ஓசை அப்படியே இருந்தது. பின்னர் வேறொருவர் டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து ஒரு திசையில் தடவிவிட்டு, மறு திசையில் தடவச் சொன்னார். ஒரு பக்கம் வழுவழுப்பாகச் சென்ற கை, மறுபக்கம் ரம்பப் பல்லில் மாட்டியதுபோல் தடுக்கியது. சக்கரக் கோணம் சரியில்லாமல் டயர் ஏறுமாறாகத் தேய்ந்திருந்தது, உறுமியது அதுதான்.

டயர் ஓசை சாலைப் பரப்புக்கு ஏற்ப மாறும். புதிதாகத் தார் போட்ட பகுதியில் குறையும், சொரசொரப்பான பரப்பில் கூடும். பேரிங்கின் உறுமல் எந்தப் பரப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக, வேகத்தை மட்டும் பின்பற்றும். ஐயமாக இருந்தால் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஓசை பின்னால் சென்றுவிட்டால் காரணம் டயர்தான்.

மற்றொன்று: செலவு குறையும் என்று எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு எடுத்துச் செல்லலாம் என யாரேனும் சொல்லக்கூடும். எங்கள் வீட்டிலும் வழக்கமான சர்வீசுக்கு அங்கே போவதுண்டு. ஆனால் சக்கரத்தில் என்ன கோளாறு என்றே தெரியாத வண்டியைப் பாலத்தின் நெரிசலில் மாட்டி, அக்கரையில் நின்றுபோனால் இழுத்துவரும் சிரமத்தையும் எண்ணிப் பாருங்கள்.

ஈசூன்வாசி எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. மெக்கானிக் ஐயா கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன், கனமழையில் கார்ப்பேட்டையை விட்டு வெளியேறும்போது இடப்பக்க முன்சக்கரம் கல்விளிம்பில் பலமாக மோதியது. சக்கர விளிம்பில் ஒரு கீறலைத் தவிர வேறெதுவும் தெரியாததால், அதை அன்றோடு மறந்துவிட்டேன். ஓசை உடனே தொடங்காமல் பல வாரங்கள் கழித்துத் தொடங்கியதால், இரண்டையும் சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை.

நேற்று மதியம் மகனை மேல்தளத்தில் நிறுத்திச் சாக்பீஸ் சோதனையைச் செய்தேன். வெள்ளைக் கோடு தரையைத் தொடப்போகும் நேரத்தில் ஒவ்வொரு முறையும் 'கர்ரக்' என்றது. ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஓசை இல்லை. ரப்பர் பூட் இரண்டு பக்கமும் உலர்ந்து, கிழிசல் இல்லாமல் இருக்கிறது. டயரைத் தடவிப் பார்த்தேன். இரு திசையிலும் கை தடுக்கவில்லை.

மாலையில் விரைவுச்சாலையிலும் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்க வளைவில் உறுமல் தெளிவாகக் கூடுகிறது. இடப்பக்கச் சுற்றுப்பாதையில் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் உறுமலின் தன்மை மாறவில்லை. அப்படியானால் தகடும் பேரிங்கும் என இரண்டு தனித்தனிக் குறைகளா?

பழைய மெக்கானிக் எழுதியது:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள், தம்பி. மகனுக்கும் என் பாராட்டைச் சொல்லுங்கள். இவை தனித்தனிக் குறைகளாக எனக்குத் தோன்றவில்லை; இரண்டும் அந்த ஒரே மோதலில் பிறந்தவை என்று நினைக்கிறேன்.

சக்கரம் பக்கவாட்டில் அடி வாங்கும்போது, பேரிங்கின் உள்ளே குண்டுகள் தாம் ஓடும் பாதையில் மிகச் சிறிய பள்ளங்களைப் பதித்துவிடும். அன்று எதுவும் தெரியாது. அடுத்தடுத்து ஓடும்போது அந்தப் பள்ளங்களின் விளிம்பு பெயர்ந்து, பாதை சொரசொரப்பாகி, பிறகுதான் உறுமல் தொடங்கும். நாளடைவில் பேரிங்கில் சிறிது தளர்வும் ஏற்படும். தளர்வு ஏற்பட்டால், வண்டி திரும்பும்போது பிரேக் டிஸ்க் மயிரிழை அளவு சாயும். அதே மோதலில் தகட்டுக் கவசமும் சற்று உள்ளே வளைந்திருந்தால், சாய்ந்த டிஸ்க்கின் ஓரம் அதைத் தொட்டுவிடும்.

இதனால்தான் உங்களை ஒன்றைக் குறித்து எச்சரிக்க விரும்புகிறேன். தகட்டை விரலால் நெம்பி நிமிர்த்தினாலே கார்ப்பேட்டை உரசல் நின்றுவிடும். ஒரு வெள்ளிகூடச் செலவாகாது. அந்த அமைதியைப் பார்த்து வேலை முடிந்தது என்று வண்டியை எடுத்துச் சென்றுவிடாதீர்கள். பேரிங் தொடர்ந்து தேய்ந்துகொண்டேதான் இருக்கும். முற்றினால் சக்கரம் ஆடும், சூடேறும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சென்சாரும் தவறாக இயங்கும். பட்டறைக்கு மெதுவாக ஓட்டிச் செல்லலாம். ஆனால் குடும்பத்தோடு விரைவுச்சாலையில் செல்வதைச் சரிசெய்யும்வரை தள்ளிப்போடுங்கள்.

பேரிங் மாற்றும் வேலையில் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் பேரிங், சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்போடு சேர்ந்து போல்ட்டால் பூட்டும் வகையாக இருந்தால் வேலை எளிது. அழுத்திப் பொருத்தும் வகையாக இருந்தால், சுத்தியலால் அடித்து ஏற்றவே கூடாது. பிரஸ் இயந்திரம் உள்ள பட்டறைக்குத்தான் செல்ல வேண்டும். பேரிங்கை உறைக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். ஹப்பை அதற்குள் இறக்கும்போது உள்வளையத்துக்குக் கீழே தாங்கல் இருக்க வேண்டும். இதில் தவறினால் அழுத்தம் குண்டுகளின் வழியாகப் பாய்ந்து, புதிய பேரிங்கே அந்தக் கல்விளிம்பில் மோதியதைப் போன்ற நிலைக்கு வந்துவிடும். புதிது போட்டும் சில மாதங்களில் மீண்டும் உறுமுகிறது என்று வரும் வண்டிகளில் நான் கண்ட காரணம் பெரும்பாலும் இதுதான்.

பேரிங்கின் ஒரு பக்கத்தில் ஏபிஎஸ் சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கலாம். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் எச்சரிக்கை விளக்கு எரியும், எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். டிரைவ் ஷாஃப்டின் நடுநட்டு புதியதாக இருக்கட்டும். அதைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். அதை முழுமையாக இறுக்காமல் வண்டியை ஓரடிகூட உருட்டக்கூடாது. அப்சார்பரின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால் சக்கரக் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும்.

பழுதில்லாத வலப்பக்க பேரிங்கை 'எதற்கும் இருக்கட்டும்' என்று மாற்றத் தேவையில்லை. சுருளில் கை வைத்துப் பார்த்து, அது அமைதியாகச் சுற்றினால் விட்டுவிடுங்கள். பழைய கார்களைப் பிரித்து உதிரிபாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பழைய ஹப்பையும் இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கதவையோ விளக்கையோ அங்கே வாங்கலாம். எத்தனை அடி வாங்கியது என்று தெரியாத பேரிங்கை வாங்கலாகாது.

ஈசூன்வாசி எழுதியது:

ஐயா, வேலை இன்று முடிந்தது, நடந்ததை எழுதுகிறேன்.

காக்கி புக்கிட்டில் பிரஸ் இயந்திரம் வைத்திருக்கும் ஒரு பட்டறைக்கு நண்பர் அழைத்துச் சென்றார். எதையும் கழற்றுவதற்கு முன் சுருளில் கை வைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். அங்கிருந்தவர் மகிழ்ச்சியுடன் என்னையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். வலப்பக்கச் சக்கரம் சுற்றியபோது சுருள் சும்மா இருந்தது. இடப்பக்கத்தில் கை வைத்த நொடியிலேயே, நீங்கள் சொன்ன அந்த மணல் அரைபடும் அதிர்வு விரலில் ஏறியது. சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டியபோது மெல்லிய தளர்வு தெரிந்தது. நண்பர் பிரேக்கை அழுத்தியதும் அது மறைந்தது.

டிஸ்க்கைக் கழற்றியபோது தகட்டுக் கவசத்தின் கீழ்ப்பகுதி உள்நோக்கி வளைந்திருந்ததையும், துருவேறிய அந்தத் தகட்டில் பிறைநிலாவைப் போல ஒரு கோடு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்ததையும் கண்டேன். ஹப்பைப் பிரஸ்ஸில் வைத்து இழுத்ததும் பழைய பேரிங்கின் உள்வளையம் அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்தது. கிரீஸைத் துடைத்துவிட்டு அதை வெளிச்சத்தில் காட்டினார். குண்டு ஓடும் பாதையில் ஓரிடத்தில் மீன் செதிள் பெயர்ந்ததுபோல் தழும்பு இருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் அதில் தட்டுப்பட்டு நின்றது. மூன்று வாரங்களாக என்னைத் தூங்கவிடாமல் செய்தது, என் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவுகூட இல்லாத அந்தத் தழும்புதான்.

புதிய பேரிங், புதிய நடுநட்டு, சக்கரக் கோணம் சரிபார்த்தது, கூலி எல்லாம் சேர்த்து 310 வெள்ளி ஆயிற்று. தகட்டை நிமிர்த்தியதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. ஏபிஎஸ் விளக்கு எரியவில்லை. திரும்பும் வழியில் வேண்டுமென்றே வலப்பக்க வளைவுகளாகத் தேர்ந்தெடுத்து, வானொலியை அணைத்துவிட்டு ஓட்டினேன்; உறுமல் இல்லை. வீட்டுக்கு வந்து ஐந்து தளங்களும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே ஏறினேன். பூச்சுத் தரையில் டயர் வழுக்கும் வழக்கமான கீச்சொலியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

டிரைவ் ஷாஃப்டுகள் இரண்டும் பழையவையே இருக்கின்றன. இடப்பக்க ரப்பர் பூட்டின் மடிப்பில் மட்டும் நுண்ணிய வெடிப்பு தொடங்கியிருப்பதாகவும், அடுத்த எண்ணெய் மாற்றத்தின்போது அதைப் பார்க்க வேண்டும் என்றும் பட்டறைக்காரர் சொன்னார். 100 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை காலை போகிறேன்.